பாட்டி காலத்து டி.டி.டி.க்கும் பேத்தியின் உடல் எடைக்கும் தொடர்பு உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டவருடைய மகளுக்கு வயது பதினொன்று. வீட்டுச் சாப்பாடுதான், நொறுக்குத்தீனி கம்மி, அப்படியும் எடை ஏறிக்கொண்டே போகிறது, பத்து வயதிலேயே பெரிய மனுஷி ஆகிவிட்டாள். கேட்டவரின் அம்மா இவரை வயிற்றில் சுமந்த காலத்தில் வயலில் மருந்து அடிக்கும்போது கூடவே நின்றவர், வீட்டுச் சுவரில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியை அடித்துவிட்டுத் தேதி எழுதிவிட்டுப் போவார்களாம். கருவில் பட்ட ரசாயனம் வளர்ந்த பிறகு எடையையும் சர்க்கரையையும் மாற்றுமா, இல்லை நான்தான் வளர்ப்பில் ஏதோ தப்பு செய்கிறேனா என்று கேட்டிருக்கிறார். தங்கை இப்போது முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம், அவள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

வளர்ப்பைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் தப்பு செய்யவில்லை. ரசாயனத்தைப் பற்றிக் கேட்டதற்கு, மாற்றக்கூடும் என்பதுதான் பதில், அந்தக் "கூடும்" எவ்வளவு வலுவானது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நான் சில வருடங்கள் எலிகளை வைத்து ஹார்மோன் ஆராய்ச்சி நடக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், இந்தத் துறையில் வரும் ஆய்வுகளை இன்றுவரை தொடர்ந்து படிக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் ஆய்வு நடந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில். 1959 முதல் 1967 வரை அங்கே ஒரு மருத்துவத் திட்டத்தில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்து, சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை, பிரித்து உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். ஆரம்பித்தவர் ஜேக்கப் யெருஷால்மி. அது டி.டி.டி. அமெரிக்கா முழுக்கத் தாராளமாகப் புழங்கிய காலம், 1972-ல்தான் அங்கே தடை வந்தது. அப்போது யாரும் டி.டி.டி.யை மனதில் வைத்து ரத்தத்தை எடுக்கவில்லை. ஆனால் பல பத்து வருடம் கழித்து, பார்பரா கோன் தலைமையிலான குழு அந்தக் குப்பிகளை வெளியே எடுத்து, யாருடைய ரத்தத்தில் எவ்வளவு டி.டி.டி. இருந்தது என்று அளந்து, அந்தப் பெண்களுக்குப் பிறந்த மகள்கள், அப்புறம் பேத்திகள் வரை பின்தொடர்ந்தது. மனிதர்களில் இப்படி ஒரு கணக்கு கிடைப்பது மிக அரிது, ஏனென்றால் ஐம்பது வருடம் கழித்து ஒருவரிடம் போய் "உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது என்ன பட்டது" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அந்த உறைந்த சீரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

2015-ல் வந்த முடிவு மகள்களைப் பற்றியது. அம்மாவின் ரத்தத்தில் ஒரு வகை டி.டி.டி. அதிகமாக இருந்த மகள்களுக்கு 52 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. 2021-ல் வந்தது பேத்திகளைப் பற்றியது, அதுதான் உங்களுக்கு வேண்டியது. 258 இளம்பெண்கள், இருபதுகளில் இருப்பவர்கள். உடல் எடை சாதாரணமாக இருந்த பாட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், யாருடைய ரத்தத்தில் டி.டி.டி. அதிகமோ அவருடைய பேத்திக்கு உடல் பருமன் இருக்கும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்தது. பதினொரு வயதுக்கு முன்பே பூப்பெய்தும் வாய்ப்பும் சுமார் இரண்டு மடங்கு. படித்துவிட்டு உங்கள் மகள் ஞாபகம் வருகிறது இல்லையா? வரட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம்.

பாட்டி உடம்பில் இருந்தது பேத்தி வரை எப்படிப் போகும்? இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்கள் இல்லை. பெண் சிசு கருவில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சினைப்பையில் அறுபது எழுபது லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன, பிறந்த பிறகு புதிதாகச் சேர்வதில்லை, குறையத்தான் செய்யும். அப்படியென்றால் உங்கள் அம்மா உங்களைச் சுமந்தபோது, பின்னாளில் உங்கள் மகளாகப் போகிற கருமுட்டையும் அந்த வயிற்றுக்குள்தான் இருந்தது. வயலில் அன்று ஒரு பெண் நின்றாள் என்றால் அங்கே நின்றது மூன்று தலைமுறை.

இன்னொரு நுணுக்கம். கடையில் விற்ற டி.டி.டி. ஒரே பொருள் அல்ல, கலவை. அதில் பெரும்பங்கு ஒரு வகை, 15 சதவீதம் போல இன்னொரு வகை. அந்தச் சின்னப் பங்குதான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி நடிப்பது, அது உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறியும் விடும். பெரிய வகை சிதைந்து உண்டாகும் பொருளோ கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும். மார்பகப் புற்றுநோய், பேத்திகளின் எடை இரண்டிலுமே வலுவாகத் தெரிந்தது அந்தச் சீக்கிரம் போய்விடும் வகை. நீண்ட நாள் தங்கும் விஷத்தைத்தான் பயப்பட வேண்டும் என்று நாம் நினைப்போம், இங்கே வந்து போனதுதான் தடம் விட்டிருக்கிறது.

சரி, இதெல்லாம் தொடர்பு மட்டும்தானே, டி.டி.டி.தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. 258 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. குடும்பச் சூழல், சாப்பாடு, வசதி என்று நூறு விஷயம் குறுக்கே வரும், கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் மிச்சம் இருக்கும். அதனால்தான் எலிகளிடம் போக வேண்டியிருக்கிறது.

டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷெல் லா மெரில் குழு 2014-ல் செய்தது இது. சினை எலிகளுக்குக் கர்ப்பத்தின் நடுவிலிருந்து குட்டி பிறந்த ஐந்தாம் நாள் வரை மட்டும் டி.டி.டி. கொடுத்தார்கள், ஏறக்குறைய இரண்டு வாரம், அவ்வளவுதான், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஐந்து நாள் எலிக்குட்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முடி சரியாக முளைத்திருக்காது, இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், தோலுக்கு அடியில் வெள்ளையாக வயிற்றில் இருக்கும் பால் தெரியும். அது தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத வயது, அதனால்தான் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடக்கும், ஒன்றை எடுத்து ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்தால் குளிர்ந்துபோவது கையில் தெரியும். அந்தச் சூட்டை உண்டாக்குகிற பழுப்புக் கொழுப்பும் அதற்குப் போகும் நரம்புகளும் அந்த வயதில்தான் தயாராகிக்கொண்டிருக்கும். டி.டி.டி. பட்டது அந்த நேரத்தில்.

குட்டிகள் வளர்ந்த பிறகு அளந்து பார்த்தால், பெண் எலிகளின் உடல் வெப்பம் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது, குளிரில் விட்டால் தாக்குப்பிடிக்கவில்லை. வெப்பம் குறைவு என்றால் எரிக்கும் கலோரி குறைவு. சாப்பாடு அதேதான், செலவு குறைந்துவிட்டது. பிறகு இந்த எலிகளுக்கு 12 வாரம் கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்தபோது, டி.டி.டி. படாத எலிகளைவிட மோசமாக இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காத நிலை, வந்தது, ரத்தத்தில் சர்க்கரை ஏறியது, கொலஸ்ட்ரால் கெட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள். கருவில் பட்டது உடம்பின் செலவுக் கணக்கை மாற்றி வைத்தது, பல மாதம் கழித்து வந்த கொழுப்புத் தீனிதான் அதை நோயாக வெளியே கொண்டுவந்தது. உங்கள் மகளைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டாம் பாதிதான், பிறகு வருகிறேன்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று சொல்வோம். நச்சுப்பொருள் பரிசோதனைகள் ரொம்ப காலம் இந்த ஒரு வரியை வைத்துத்தான் நடந்தன, வளர்ந்த எலிக்கு எவ்வளவு கொடுத்தால் சாகிறது, எவ்வளவில் புற்று வருகிறது என்று. அளவு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுட்ட பானையை எத்தனை முறை விரலால் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது, சக்கரத்தில் இருக்கும் பச்சை மண்ணில் லேசாகப் பட்ட விரல்தடம் சூளைக்குப் போய் வந்த பிறகும் அப்படியே இருக்கும். என்ன பட்டது, எவ்வளவு பட்டது என்பதோடு எப்போது பட்டது என்று கேட்காத பரிசோதனை பாதிப் பரிசோதனைதான். இந்தத் துறையில் எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான்.

கொழுப்புச் செல் கதை இதைவிட நேரடியானது. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க முன்பெல்லாம் டிரைபியூட்டில்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். அது கடலில் கரைந்து பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்து, கடைசியில் 2008-லிருந்து உலக அளவில் அந்தப் பெயிண்டுக்குத் தடை வந்தது. 2006-ல் இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புரூஸ் புளும்பெர்க் குழு கண்டது என்னவென்றால், இந்தச் சேர்மம் கருவில் பட்ட எலிக்குட்டிகளுக்குக் கொழுப்பு கூடுகிறது. எலும்பாகவோ கொழுப்பாகவோ மாறக்கூடிய மூலச்செல்கள் கொழுப்பின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. இது செல்லுக்குள் போய் உட்காருகிற ஏற்பி, அதாவது பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துகிற இடம், எது தெரியுமா? நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் பலர் சாப்பிடும் பயோகிளிட்டசோன் மாத்திரை எந்த ஏற்பியில் வேலை செய்கிறதோ அதே ஏற்பி. அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எடை போடும் என்பது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். பெரியவர்களுக்கு அது மருந்து, தெரிந்தே அளவு பார்த்துக் கொடுப்பது. உருவாகிக்கொண்டிருக்கும் கருவில் அதே பொத்தானை யாரோ தெரியாமல் அழுத்தினால் கொழுப்புச் செல்களின் கூட்டமே பெரிதாகிவிடுகிறது.

செல்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது பிள்ளைப் பருவத்திலும் பதின்வயதிலும் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2008-ல் இதை அழகாகக் காட்டியது, பழைய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்துக் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். பெரியவர்களின் உடம்பில் வருடத்துக்குப் பத்து சதவீதம் போலச் செத்துப் புதிது வருகிறது, ஆனால் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை, எடை குறைத்தாலும் செல் சுருங்குகிறதே தவிர எண்ணிக்கை குறைவதில்லை. இளைத்தவர்களுக்குத் திரும்பவும் எடை ஏறுவது மன உறுதி இல்லாததால் என்று திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதர்களில் டி.டி.டி. மட்டும்தானா என்றால் இல்லை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் 1988-89-ல் கர்ப்பமாக இருந்த 665 பெண்களின் ரத்தத்தில், ஒட்டாத பாத்திரப் பூச்சு தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருளை அளந்தார்கள். அது அதிகமாக இருந்த தாய்மார்களின் மகள்கள் 20 வயதில் கூடுதல் எடையோடு இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஆனால் இவை எல்லாவற்றையும்விட உறுதியான சான்று எதற்கு இருக்கிறது தெரியுமா, சிகரெட் புகைக்கு. 2008-ல் 14 ஆய்வுகளை, 84,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பத்தில் புகைத்த தாயின் குழந்தைக்குப் பின்னாளில் எடை கூடும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. பிறக்கும்போது இந்தக் குழந்தைகள் எடை குறைவாகத்தான் பிறக்கின்றன, அதற்கப்புறம் வேகமாக ஏறுகின்றன. நம் ஊரில் கர்ப்பிணிகள் புகைப்பது குறைவு, வீட்டு ஆண்கள் புகைப்பது குறைவில்லை.

நம் பக்கத்து ஆய்வு ஒன்றைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்டது. மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பூச்சிமருந்தோடு புழங்குகிறவர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. எலிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் கொடுத்துப் பார்த்தபோது குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த மருந்தைச் சிதைத்து, அதில் வரும் அமிலங்களைக் கொண்டு கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் கண்டார்கள். முக்கியமான வேலைதான், ஆனால் அது வளர்ந்தவர்களைப் பற்றியது, கருவில் பட்டதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய, அதனால் சொல்கிறேன்.

டி.டி.டி.யையும் ஒரேயடியாகச் சபிக்க என்னால் முடியாது. சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 1960-களின் நடுவில் அது ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது, அதில் சுவரில் அடித்த டி.டி.டி.க்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் பாட்டி வீட்டுக் குழந்தைகள் சிலர் பிழைத்ததே அதனால்தான் என்றுகூட இருக்கலாம். விவசாயத்தில் அதை இந்தியா 1989-ல்தான் தடை செய்தது, கொசு ஒழிப்புக்கு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. வயலில் அதைக் கொட்டியதற்கு எனக்குக் கோபம் உண்டு, சுவரில் அடித்தவர்மேல் இல்லை.

அதோடு எல்லாவற்றையும் ரசாயனத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு காட்டியதுபோல அங்கே பிறக்கும் குழந்தைகளின் எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ, ஆனால் நம் குழந்தைகளுக்குக் குறைவது பெரும்பாலும் தசைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. தாயின் ஊட்டக்குறைவே இதற்குப் பெரிய காரணம். ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கு நாற்பதிலேயே சர்க்கரை வருவதை விளக்க பூச்சிமருந்து ஒன்று போதாது. என் கணிப்பு, கருவில் இருந்த ஊட்டம், கருவில் பட்ட ரசாயனம், வளர்ந்தபின் சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன, தனி ஒரு குழந்தையிடம் போய் இது எத்தனை பங்கு, அது எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மகள் விஷயத்திலும் முடியாது. கூட்டத்தில் தெரியும் ஆபத்து வேறு, ஒரு பெண்ணின் உடம்பு வேறு.

மகளுக்கு என்ன செய்யலாம்? முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி உயரம், எடை, தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை பாருங்கள். பத்து வயதில் பூப்பெய்துவது இன்று அபூர்வமில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள். கழுத்தின் பின்பக்கம், அக்குள் இரண்டையும் நீங்களே பாருங்கள். தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். அழுக்கு என்று நினைத்துப் பிள்ளையின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அது தேய்த்துப் போகாது, எடை கொஞ்சம் இறங்கினால் தானே மங்கும். சாப்பாட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து முட்டை, பயறு, காயைக் கூட்டுங்கள், தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும், இரவு நேரத்தோடு தூங்கட்டும். சாதாரண அறிவுரைதானே என்று தோன்றும், ஆனால் அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள், கொழுப்புத் தீனி வந்த பிறகுதானே பாதிப்பு நோயாக வெளிப்பட்டது. உடம்பு செலவைக் குறைத்து வைத்திருந்தால் அதற்கேற்ற சாப்பாடும் நடையும் இவளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே உதவும். சக மாணவியைக் காட்டி "அவளைப் பார், அதே சாப்பாடுதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள், இருவருக்கும் உடம்பு ஒரே கணக்கு அல்ல. ரசாயனத்தை வெளியேற்றும் டீ, சூரணம் என்று விற்பதை வாங்க வேண்டாம், ரத்தத்தில் டி.டி.டி. இருக்கிறதா என்று காசு கொடுத்துச் சோதிக்கவும் வேண்டாம், அளவு தெரிந்து செய்ய வேண்டியது எதுவும் மாறப்போவதில்லை.

இனி உங்கள் தங்கைக்கு. வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது, இதை நான் முதலில் வைக்கிறேன். கொசுவர்த்தியைவிடக் கொசுவலை நல்லது. சூடான சாம்பார், ரசம், எண்ணெய்ப் பதார்த்தம் பிளாஸ்டிக் பையிலோ டப்பாவிலோ வேண்டாம், தூக்குச்சட்டி எடுத்துப் போகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்பீனால் ஏ-க்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தினசரி அளவை முன்பைவிட 20,000 மடங்கு குறைத்தது, காரணம் எடை இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலம், இருந்தாலும் தவிர்ப்பது சுலபம்தானே. போலிக் அமில மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிடட்டும். குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் கட்டாயம் கொடுக்கட்டும், பாலில் டி.டி.டி. இருக்குமாமே என்று யாராவது பயமுறுத்தினால் கேட்க வேண்டாம், அதைவிடத் தாய்ப்பாலின் நன்மை பல மடங்கு பெரிது.

தங்கை வீட்டில் விவசாயம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். மருந்து டப்பாவை வீட்டுக்குள், முக்கியமாக அடுப்படிப் பரணில் வைக்கக் கூடாது. காலியான டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவும் கூடாது. மருந்து அடித்துவிட்டு வருகிறவர் வாசலிலேயே சட்டையை மாற்றி, கை கால் கழுவி, முடிந்தால் குளித்துவிட்டு உள்ளே வரட்டும், அந்தச் சட்டையை மற்ற துணியோடு ஊறவைக்காமல் அவரே தனியாகத் துவைத்துக்கொள்ளட்டும், குறைந்தது பிரசவம் முடிந்து பால் கொடுக்கும் வரையாவது.